மாற்று எக்ஸாஸ்ட் போட்ட வண்டி புகைப் பரிசோதனையில் தேறவில்லை, எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

#1 நாலாம்_கியர்

வணக்கம் நண்பர்களே. 1.6 லிட்டர் பெட்ரோல் வண்டி, நாலு சிலிண்டர், டர்போ இல்லை. போன வருஷம் எக்ஸாஸ்டை முழுக்க மாற்றினேன். 4-2-1 ஹெடர் (நாலு சிலிண்டரின் குழாய்கள் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும் பகுதி), வண்டித் தரைக்கு அடியில் 100 செல் ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கிப் பெட்டி), இரண்டரை அங்குலக் குழாய், கடைசியில் நேர்வழி சைலன்சர். ஓட்ட நன்றாகவே இருக்கிறது. நேற்று புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன், தேறவில்லை.

இடையில் இரண்டு தடவை இன்ஜின் விளக்கு எரிந்தது. கோடு பி0420, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். ஸ்கேனர் வைத்து அழித்துவிட்டேன். பரிசோதனைக்கு முந்தைய நாளும் அழித்தேன்.

சைலன்சர் சத்தத்தை நான் விட்டுக்கொடுக்கத் தயார். ஆனால் பழைய எக்ஸாஸ்ட் கையில் இல்லை, திரும்பப் போட வழியில்லை. இருப்பதை வைத்தே விதிக்குள் கொண்டுவர என்ன செய்யலாம்?

#2 ஓட்டுநர்82

கன்வெர்ட்டர் போய்விட்டது. புதுசு வாங்கிப் போடுங்கள், வேலை முடிந்தது.

#3 வேகத்தடை

பின்பக்க ஆக்சிஜன் சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் போட்டுப் பாருங்கள். சென்சார் குழாயை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கும், பி0420 வராது. நான் இரண்டு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

#4 லாம்டா_அளவை

யாரும் எதையும் வாங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நாலாம்_கியர், பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்கள் அத்தனையும் இங்கே போடுங்கள். தேறியது, தேறவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன், லாம்டா ஐந்தும் வேண்டும்.

#5 நாலாம்_கியர்

2600 ஆர்பிஎம்மில் எடுத்தது:

கார்பன் மோனாக்சைடு 0.84% (வரம்பு 0.20)
ஹைட்ரோகார்பன் 178 பிபிஎம் (வரம்பு 200)
கார்பன் டை ஆக்சைடு 13.1%
ஆக்சிஜன் 1.6%
லாம்டா 1.046 (வரம்பு 0.97 முதல் 1.03)

#6 லாம்டா_அளவை

நல்லவேளை கேட்டேன். இந்தச் சீட்டில் ஒரு முரண்பாடு இருக்கிறது, பார்த்தீர்களா?

லாம்டா 1 என்றால் பெட்ரோலும் காற்றும் சரியான கலவை, எடைக்கணக்கில் 1க்கு 14.7. ஒன்றுக்கு மேலே போனால் காற்று அதிகம். காற்று அதிகமாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு குறைய வேண்டும். உங்கள் வண்டியில் லாம்டாவும் எகிறுகிறது, மோனாக்சைடும் எகிறுகிறது. இரண்டும் சேர்ந்து வருவது பெரும்பாலும் இன்ஜினுக்குள் நடக்கும் காரியம் இல்லை. எரிந்து முடிந்த புகையில் எங்கோ வெளிக்காற்று கலக்கிறது.

எக்ஸாஸ்ட் குழாயில் ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று பலர் கேட்பார்கள். புகை ஒரே சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் அடித்துத் தள்ளும் துடிப்பு அது. ஒரு துடிப்புக்குப் பின்னால் அழுத்தம் வெளிக்காற்றுக்கும் கீழே இறங்கும் கணம் உண்டு. அந்தக் கணத்தில் ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது, இது அதிகம், வேகம் ஏற ஏறக் குறையும்.

அந்த ஓட்டை முன்பக்க சென்சாருக்கு முன்னால் இருந்தால் விளைவு மோசம். கலந்த காற்றை சென்சார் பார்க்கிறது, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று இன்ஜினின் கணினியான ஈசியுவுக்குச் சொல்கிறது. ஈசியு பெட்ரோலைக் கூட்டுகிறது. உண்மையில் இன்ஜின் கூடுதல் பெட்ரோலில் ஓடுகிறது. உங்கள் மோனாக்சைடின் ஒரு பங்கு அங்கிருந்து வரலாம்.

அதோடு, வால்குழாயில் 1.6% ஆக்சிஜனும் 0.84% மோனாக்சைடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சூடான, உயிருள்ள கன்வெர்ட்டர் வழியாக இரண்டும் சேர்ந்து போயிருந்தால் ஒன்றை ஒன்று எரித்துத் தீர்த்திருக்கும். ஆக, கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு கசிவு இருக்க வேண்டும், அல்லது கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. இரண்டுமே இருக்கலாம்.

ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியு தொடர்ந்து கூட்டியோ குறைத்தோ வைக்கிற பெட்ரோலின் சதவீதம், எவ்வளவு? ஐடிலிலும் 2500லும் பார்த்துச் சொல்லுங்கள்.

#7 நாலாம்_கியர்

ஐடிலில் +14%. 2500ல் +5%.

#8 லாம்டா_அளவை

பொருந்துகிறது. ஐடிலில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் வந்தால் எங்கோ காற்று உள்ளே வருகிறது. இன்டேக் பக்க வேக்யூம் கசிவும் இதே மாதிரிதான் காட்டும், அதனால் இன்டேக் ஹோஸ்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் நீங்கள் கை வைத்தது எக்ஸாஸ்ட். தேடலை அங்கே தொடங்குங்கள்.

#9 பட்டறை_வெல்டர்

தம்பி, இருபது வருஷமாகக் குழாய் ஒட்டுகிறேன். கசிவு தேட ஒரு வழி சொல்கிறேன், கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

முதலில் காலையில், வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பானட்டைத் திறந்து கேளுங்கள். ஹெடர் பக்கம் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடேறியதும் மறைந்தால், ஹெடரை இன்ஜினோடு பிணைக்கும் ஃப்ளாஞ்ச் தகட்டின் கேஸ்கெட்டில் கசிவு. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். சத்தம் நின்றதால் கசிவு முழுக்க நின்றது என்று நினைக்காதீர்கள்.

பிறகு இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். வேக்யூம் கிளீனரின் காற்றுத் தள்ளும் பக்கத்தை வால்குழாயில் துணி சுற்றிச் செருகி ஓடவிடுங்கள். ஹெடர் முதல் கடைசி வரை ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். கசிகிற இடத்தில் நுரை கொப்பளிக்கும். சில எக்ஸாஸ்ட் வால்வுகள் திறந்தே நிற்கும், அதனால் காற்றின் ஒரு பங்கு இன்ஜினுக்குள்ளும் போகும். பரவாயில்லை, குழாயில் போதுமான அழுத்தம் இருக்கும்.

ஃப்ளாஞ்சைச் சுற்றிக் கறுப்புக் கரி படிந்திருந்தால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள். ஓட்டையைக் கரி காட்டிக்கொடுக்கிற அளவுக்கு வேறெதுவும் காட்டாது.

#10 நாலாம்_கியர்

அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். இரண்டு இடம்.

ஒன்று, நாலாவது சிலிண்டர் ஃப்ளாஞ்ச். கீழ்ப்பக்க போல்ட்டைச் சுற்றி விரல்நுனி அளவுக்குக் கரி. ஹெடரைக் கழற்றி ஃப்ளாஞ்ச் மேல் நேர்விளிம்பு அளவுகோலை வைத்தேன், இடைவெளி அளக்கும் 0.3 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு தடையில்லாமல் நுழைகிறது. வளைந்திருக்கிறது.

இரண்டு, கன்வெர்ட்டருக்கும் சைலன்சருக்கும் நடுவில் உள்ள செருகு இணைப்பு. கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் சோப்புத் தண்ணீர் பட்டதும் முழுச் சுற்றிலும் நுரை. குழாய் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது.

போன வருஷம் மாட்டியவர்கள் ஃப்ளாஞ்சில் பேஸ்ட் தடவியிருக்கிறார்கள். அது காய்ந்து பொரிந்து உதிர்கிறது.

#11 பட்டறை_வெல்டர்

பேஸ்ட் சென்சாருக்கு முன்னால் வரவே கூடாது. அதிலும் ஆர்டிவி சிலிகான் (தானே இறுகும் பசை) என்றால், சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டுமே இன்ஜினின் வேறு இடங்களில்கூட உபயோகிக்க வேண்டும். சிலிகான் ஆவி ஆக்சிஜன் சென்சாரின் முனையில் வெள்ளையாகப் படிந்து அதை மந்தமாக்கிவிடும். உங்கள் முன் சென்சாரைக் கழற்றி முனையைப் பாருங்கள்.

ஃப்ளாஞ்சை மில்லிங்கில் கொடுத்து முகத்தைச் சமமாக்குங்கள். புதுப் பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போடுங்கள். நட்டை நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். ஒரு ஓரத்தில் தொடங்கி முழுசாக இறுக்கிக்கொண்டே போனால் மறுபடியும் வளையும். பின் இணைப்பை அறுத்துவிட்டு வி பேண்ட் கிளாம்ப் வைத்து ஒட்டிவிடலாம்.

#12 வேகத்தடை

இவ்வளவு வேலைக்குப் பதில் ஸ்பேசர் சுலபம் என்பது என் கருத்து. விளக்கு எரியாமல் இருந்தால் போதாதா?

#13 லாம்டா_அளவை

வேகத்தடை, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. ஆனால் இதில் நான் ஒத்துப்போக மாட்டேன்.

முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டர் அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடும். உள்ளே உள்ள சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிஞ்சும்போது பிடித்துவைத்து, குறையும்போது கொடுக்கும். அதனால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். பின் சென்சாரும் முன் சென்சார் மாதிரியே ஆடத் தொடங்கினால் கன்வெர்ட்டருக்குள் ஆக்சிஜனைப் பிடிக்க ஆளில்லை என்று பொருள். பி0420 சொல்வது அதைத்தான். ஸ்பேசர் அந்தச் செய்தியை அமுக்குகிறதே தவிர, வால்குழாயில் ஒரு மூலக்கூறு மோனாக்சைடைக்கூடக் குறைக்காது. புகையை நேரடியாக அளக்கிற பரிசோதனையில் நாலாம்_கியரின் 0.84 அப்படியே 0.84 ஆகத்தான் வரும்.

சட்டப்படியும் அது கருவியைச் செயலிழக்கச் செய்வதுதான். நாட்டுக்கு நாடு விதி மாறும், ஆனால் கன்வெர்ட்டரையோ அதைக் கண்காணிக்கும் சென்சாரையோ ஏமாற்றுவதைப் பல நாடுகள் குற்றமாகவே வைத்திருக்கின்றன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. கசிகிற ஃப்ளாஞ்ச் காருக்குள் காற்று எடுக்கும் பாதைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வண்டிக்குள் குழந்தைகளும் உட்காருகிறார்கள்.

#14 வேகத்தடை

புரிகிறது. என் வண்டியின் ஃப்யூயல் ட்ரிம்மை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

#15 பழைய_இன்ஜின்

ஒரு சின்ன வரலாறு. கன்வெர்ட்டர் என்பதே கம்பெனிகளின் ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரான்ஸில் பிறந்த யூஜின் ஹூட்ரி 1950களிலேயே கார் புகைக்கு வினையூக்கியைக் காட்டிவிட்டார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் இருந்தது. ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைக் கொன்றுவிடும். அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக வந்தபோதுதான் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. லாம்டா சென்சார் 1976ல் வோல்வோவில் வந்த பிறகு மூன்று நச்சுகளையும் ஒரே பெட்டியில் தீர்க்க முடிந்தது. பிளாட்டினமும் பல்லேடியமும் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் எரிக்கின்றன, ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடைப் பிரிக்கிறது. மூன்றும் சேர்ந்து நடக்க லாம்டா ஒன்றை ஒட்டியே நிற்க வேண்டும். சென்சார் கண்மூடினால் கன்வெர்ட்டரும் கண்மூடும்.

#16 நாலாம்_கியர்

ஃப்ளாஞ்ச் சமமாக்கி, கேஸ்கெட் மாற்றி, பின் இணைப்பில் வி பேண்ட் போட்டாயிற்று. முன் சென்சார் முனையில் வெள்ளைப் படிவு தெளிவாகத் தெரிந்தது, அதையும் மாற்றிவிட்டேன். லாங் டெர்ம் ட்ரிம் இப்போது ஐடிலில் +3%, 2500ல் +2%. காலை டிக் டிக் இல்லை.

மறுபடி அளந்தது, 2600 ஆர்பிஎம்:

கார்பன் மோனாக்சைடு 0.41%, ஹைட்ரோகார்பன் 120 பிபிஎம், கார்பன் டை ஆக்சைடு 14.5%, ஆக்சிஜன் 0.5%, லாம்டா 1.007.

லாம்டா உள்ளே வந்துவிட்டது. மோனாக்சைடு பாதியாகிவிட்டது, ஆனால் இன்னும் வரம்புக்கு இரண்டு மடங்கு.

#17 லாம்டா_அளவை

இப்போதுதான் ஓட்டுநர்82 சொன்னது சரியாகிறது. கசிவு போய்விட்டது, கலவை சரி, மிஞ்சிய குற்றம் கன்வெர்ட்டருடையது. இதே கன்வெர்ட்டரை முதல் நாளே மாற்றியிருந்தால் புதியதும் கூடுதல் பெட்ரோலில் வெந்திருக்கும்.

உங்களுடையது 100 செல். ஒரு சதுர அங்குலத்தில் 100 துளை. கம்பெனி கன்வெர்ட்டர்களில் 400 செல் சாதாரணம். துளை எண்ணிக்கை நாலில் ஒரு பங்கானால் புகை உரசிப் போகிற பரப்பு ஏறத்தாழ பாதியாகிறது. விலையுயர்ந்த உலோகப் பூச்சும் மெல்லியதாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதைவிட முக்கியம், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது? கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கண்விழிக்கும். இன்ஜின் தலையிலிருந்து எவ்வளவு தூரம்?

#18 நாலாம்_கியர்

குழாய் வளைவோடு சேர்த்து அளந்தேன். 1 மீட்டர் 15 செ.மீ.

#19 லாம்டா_அளவை

பரிசோதனைக்கூடத்தில் வரிசையில் அரைமணி நேரம் அணைத்து நின்றிருப்பீர்கள். அந்தத் தூரத்தில் உள்ள கன்வெர்ட்டர் நன்றாக ஆறிப்போயிருக்கும். கலெக்டரை, அதாவது ஹெடரின் கிளைகள் ஒன்றுசேரும் இடத்தை ஒட்டி, எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் வைக்க வைக்க வெப்பம் ஏறும். மிஸ்ஃபயர் இருந்தால் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து செராமிக்கை உருக்கிவிடும். மாட்டுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். இன்ஜின் ஆயில் குடிக்கிறதா என்றும் பாருங்கள், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் மெல்ல மெல்ல வினையூக்கியை மூடிவிடும்.

வாங்கும்போது அங்கீகார முத்திரையைத் தேடுங்கள். ஐநா பொருளாதார ஆணையத்தின் ஒழுங்குவிதி 103 மாற்றுக் கன்வெர்ட்டர்களுக்கானது. அதன்படி வந்ததில் வட்டத்துக்குள் இ எழுத்தும் எண்ணும் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கலிஃபோர்னியாவில் அந்த மாநிலத்தின் ஒப்புதல் உத்தரவு எண் வேண்டும். உங்கள் ஊர் விதி எதைக் கேட்கிறதோ அதை முதலில் படித்துவிட்டு வாங்குங்கள்.

#20 பட்டறை_வெல்டர்

ஒட்டப் போகிறீர்கள் என்றால் சில விஷயம், தம்பி.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். சென்சார்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். எர்த் கிளாம்பை ஒட்டுகிற குழாயிலேயே போடுங்கள், வண்டியின் இன்னொரு மூலையில் போட்டால் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

முன் சென்சார் கலெக்டருக்குப் பின்னால், நாலு சிலிண்டர் புகையும் கலந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒரு கிளைக்குழாயில் வைத்தால் அந்த சிலிண்டரின் கதையை மட்டும் சொல்லும். சென்சாரைத் திருகும் வளையமான பங் 18 மி.மீ., ஒன்றரை பிட்ச் மரை. கிடைமட்டத்திலிருந்து குறைந்தது பத்து டிகிரியாவது மேலே சாய்த்து ஒட்டுங்கள். வண்டி ஆறும்போது குழாய்க்குள் தண்ணீர் கட்டும், கீழ்நோக்கி நிற்கும் சென்சாருக்குள் அது இறங்கினால் அடுத்த ஸ்டார்ட்டில் சூடான செராமிக் விரிசல் விடும்.

வயரை நீட்ட வேண்டியிருந்தால் ஈயப்பற்று வைக்காதீர்கள், கிரிம்ப் செய்யுங்கள். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு நடுவில் இருந்துதான் எடுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். இது தெரியாமல் நல்ல சென்சாரைக் குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குழாய் முழுக்க இறுகிப்போகாமல், இன்ஜின் அசைவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் துண்டு வையுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் ஃப்ளாஞ்ச் மறுபடி வளைந்து இதே இழைக்குத் திரும்பி வருவீர்கள்.

#21 டீசல்_பயணி

டீசல் வண்டிக்கும் இதே வழியா? பார்ட்டிகுலேட் ஃபில்டர் (கரித்துகள் வடிகட்டி) அடைத்துக்கொண்டே இருக்கிறது, எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

#22 லாம்டா_அளவை

எடுக்க வேண்டாம். டீசலில் கணக்கு முழுக்க வேறு, தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். ஃபில்டர் ஏன் அடைக்கிறது என்பதுதான் கேள்வி: குறுந்தூர ஓட்டமா, இன்ஜெக்டரா, புகையை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆரா.

#23 நாலாம்_கியர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அங்கீகாரம் பெற்ற 400 செல் கன்வெர்ட்டர், கலெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி. தலையிலிருந்து இப்போது 70 செ.மீ. ஃப்ளெக்ஸ் துண்டு போட்டாயிற்று. பிளக் நான்கும் புதுசு.

பி0420 கோட் எண்ணை அழிக்கவில்லை, தானாகவே போக விட்டேன். அழித்தால் ரெடினஸ் மானிட்டர்கள் (ஒவ்வொரு பாகத்தையும் ஈசியு சோதித்து முடித்ததா என்ற குறிப்புகள்) எல்லாம் பூஜ்யத்துக்குப் போகும், பரிசோதனையில் அதையும் பார்ப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. முன்னாளில் நான் அழித்துவிட்டுப் போனதே ஒரு தவறு. ஆறிய இன்ஜினில் ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஐடில், பிறகு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் கால்மணி நேரம், பிரேக் தொடாமல் வேகம் குறையவிடுதல். நாலு நாள் அப்படி ஓட்டினேன்.

இந்த முறை கூடத்துக்குள் போவதற்கு முன் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, வரிசையில் இன்ஜினை அணைக்கவில்லை.

கார்பன் மோனாக்சைடு 0.09%, ஹைட்ரோகார்பன் 31 பிபிஎம், கார்பன் டை ஆக்சைடு 15.1%, ஆக்சிஜன் 0.2%, லாம்டா 1.005. தேறிவிட்டது. பின் சென்சார் 0.68 வோல்ட்டில் நிற்கிறது, பார்க்கவே மனம் நிறைகிறது.

மிச்சம் ஒன்றுதான். 2800ல் காருக்குள் ஒரு ரீங்காரம், காது அடைக்கிறது.

#24 பட்டறை_வெல்டர்

வாழ்த்துகள் தம்பி. ரீங்காரத்துக்குக் கணக்கு இருக்கிறது. நாலு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2800ஐ 60ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் நொடிக்கு 93. பின்பகுதிக் குழாயில் புகை 300 டிகிரி இருந்தால் ஒலி நொடிக்கு சுமார் 480 மீட்டர் ஓடும். 480ஐ 93இன் நாலு மடங்கால் வகுங்கள், 1.3 மீட்டர் வரும். முனை மூடிய 1.3 மீட்டர் கிளைக்குழாய் ஒன்றை, கன்வெர்ட்டருக்கும் பின் சென்சாருக்கும் பின்னால், பிரதான குழாயோடு சேர்த்து ஓட்டிக்கொண்டுபோய் ஒட்டுங்கள். முனையில் ஒரு தொப்பி வைத்து நீளத்தை ஐந்து செ.மீ. கூட்டிக் குறைத்துப் பாருங்கள். புகை ஓட்டத்தில் அது கை வைக்காது.

#25 மழைச்சாலை

இழை முழுக்கப் படித்தேன். எனக்கும் தேறவில்லை: மோனாக்சைடு 0.05, ஹைட்ரோகார்பன் 20, கார்பன் டை ஆக்சைடு 14.1, ஆக்சிஜன் 1.5, லாம்டா 1.072. கன்வெர்ட்டர் மாற்ற வேண்டுமா?

#26 நாலாம்_கியர்

வேண்டாம். உங்கள் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் என்னுடையதைவிடக் கீழே, கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்கிறது. ஆக்சிஜன் மட்டும் தனியாக எகிறுவதால் காற்று அதற்குப் பின்னால்தான் சேர்கிறது. சைலன்சர் இணைப்புகளுக்குச் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். அளவுக் குழாயை எவ்வளவு ஆழம் விட்டார்கள் என்றும் கேளுங்கள். வாய் அகலமான டிப் மாட்டியிருந்து, குழாய் 30 செ.மீ.யாவது உள்ளே போகவில்லை என்றால் வெளிக்காற்றையும் சேர்த்தே இழுத்திருக்கும். ஃப்யூயல் ட்ரிம்மைப் பார்த்துவிட்டு இங்கேயே போடுங்கள்.

#27 மழைச்சாலை

ட்ரிம் இரண்டிலும் +1%. டிப் நாலு அங்குலம், நீங்கள் சொன்ன மாதிரியே. காலையில் கழற்றிவிட்டு மறுபடி அளக்கிறேன்.